செத்த பிறகு ஒரு சிரிப்பு

ஹீரோயினை நாற்காலியில் கட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்த வித்தையால் வெளியுலகத்தில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனாலும் முப்பத்தோரு வருடம் இதுவும் இது மாதிரி வேலைகளும்தான் எனக்குச் சோறு போட்டன.

சினிமாவில் நான் ப்ராப்பர்ட்டி மேன். நடிகர் உடுத்துவது காஸ்ட்யூமர் பொறுப்பு, முகத்தில் பூசுவது மேக்கப்மேன் பொறுப்பு, கையில் பிடிப்பது என் பொறுப்பு. கத்தி, துப்பாக்கி, விஷ பாட்டில், மாலை போட்ட போட்டோ எல்லாம் என் பெட்டியில் இருக்கும். ரத்தம் யாருடையது என்று மேக்கப்காரர்களோடு எங்களுக்கு நெடுநாள் தகராறு. உடம்பில் இருந்தால் அவர்களுடையது, தரையில் விழுந்தால் எங்களுடையது என்று கடைசியில் பேசி முடித்தோம்.

சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பையன்கள் கேட்டார்கள். எழுதும்படி என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். போன மாதம் ஒரு உதவி இயக்குநர் பெண் வீடு தேடி வந்து, "சார், உங்க காலத்து த்ரில்லர் படம் எல்லாம் பார்த்துட்டேன். ஹீரோயின் கையில மட்டும் எதுவுமே இருக்கிறதில்லையே, ஏன் சார்?" என்று கேட்டாள். "கட்டிப்போட்டிருப்போமேம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நியாயமான கேள்விதான். வில்லனுக்கு நான் எவ்வளவோ கொடுத்திருக்கிறேன். வெள்ளித் தலை வைத்த கைத்தடி, பச்சைக்கல் மோதிரம், கண்ணாடி டம்ளர், ஆப்பிளும் அதை வெட்ட ஒரு கத்தியும். வில்லன் ஏதாவது தின்றுகொண்டே பேசினால்தான் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று எல்லா டைரக்டர்களும் நம்பினார்கள். டம்ளரில் இருப்பது பால் சேர்க்காத டீ. ஒரு படத்தில் வில்லன் மடியில் பூனை இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். நடிகருக்குப் பூனை ஆகாது. கொலை செய்யச் சொல்லி உத்தரவு போடும் வசனத்தில் ஒன்பது முறை தும்மினார்.

ஹீரோயினுக்கு நான் கொடுத்தவை மூன்று. முதல் சண்டையிலேயே கீழே விழும் கைப்பை, இருட்டில் எரியாத டார்ச், அறுந்த டெலிபோன். கிளைமாக்ஸில் வில்லன் கண்ணில் தூவ ஒரு கைப்பிடி மண் உண்டு. சிமென்ட் தரை போட்ட ஃபேக்டரிக்குள் மண் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன். அதுவும் மண் இல்லை, தவிடு. கண்ணுக்குக் கெடுதல் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிதில்லை. பூந்தமல்லியில் சைக்கிள் கடையில் இருந்தேன், அங்கிருந்து ஸ்டுடியோவுக்குப் போனேன். இரண்டு வருடம் ஆணி பொறுக்கினேன், மூன்று வருடம் பெட்டி தூக்கினேன். அதற்குப் பிறகு நாகரத்தினம் அண்ணன் என்னை "டேய்" என்பதை விட்டு "ஏழு" என்று கூப்பிட்டார். என் முழுப்பெயர் ஏழுமலை. அதற்கு மேல் பதவி உயர்வு கிடையாது.

நாகரத்தினம் அண்ணன்தான் எங்கள் ப்ராப்பர்ட்டி மாஸ்டர். அவர் யாரையும் திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. எதைச் சொன்னாலும் கேள்வியாகத்தான் சொல்வார். கத்தி துருப்பிடித்திருந்தால், "இதால வெட்டினா சாவானா, ஆஸ்பத்திரியில படுப்பானா?" என்பார். அவருக்குப் பதில் தேவையில்லை. நாம் போய்க் கத்தியைத் தேய்க்க வேண்டும்.

கயிறு விஷயத்தில் அவர் கெடுபிடி அதிகம். தேங்காய் நார்க் கயிறு படத்தில் எடுப்பாகத் தெரியும், ஆனால் தோலை உரித்துவிடும். அதனால் பருத்திக் கயிற்றை டீத்தூள் கொதித்த தண்ணீரில் முந்தின நாளே ஊறப்போட்டு, காயவைத்து, நுனியைப் பிசிறாக்கி வைப்போம். மணிக்கட்டில் இரண்டு சுற்று, நடுவில் ஒரு விரல் நுழைய இடம். கேமராவுக்குத் தெரிகிற பெரிய முடிச்சு பொய் முடிச்சு. உண்மையான நுனி ஹீரோயினின் உள்ளங்கைக்குள் இருக்கும். அதை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நான் கட்டிய எந்த ஹீரோயினும் நினைத்திருந்தால் ஒரு நொடியில் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஹீரோ வரும்வரை உட்கார்ந்திருந்தது கதாசிரியர் சொன்னதால்.

ஹீரோயினைக் கட்டும் முன் அண்ணனைக் கட்ட வேண்டும். அது அவர் சட்டம். பத்து நிமிடம் கட்டோடு உட்கார்ந்து, "விரலு மரத்துச்சா, மரக்கலையா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். ஒருநாள் அவரைக் கட்டியது நினைவில்லாமல் நான் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கயிற்று நுனி அவர் கையில்தான் இருந்தது.

"இழுத்துட்டு வந்துருக்கலாமேண்ணே" என்றேன்.

"கட்னவன் தானே அவுக்கணும்?" என்றார்.

த்ரில்லர் படம் என்றால் கிளைமாக்ஸ் மூடிக் கிடக்கும் ஃபேக்டரியில்தான் நடக்க வேண்டும். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்த இடத்தில் எல்லாம் கம்பெனி திறந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மூடின கம்பெனியைத் தேடி அங்கே போன கூட்டம் நாங்கள் ஒன்றுதான். பென்னலூரைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் ஒரு ஷெட் கிடைத்தது. யாரோ கட்ட ஆரம்பித்துக் கூரை போட்டதோடு விட்டுவிட்டார்கள். மெஷின் எதுவும் வரவில்லை. நாங்கள் இருபது காலி டிரம்மும் நாலு சங்கிலியும் கொண்டுபோய்த் தொங்கவிட்டுப் புகை போட்டு அதை மூடின ஃபேக்டரி ஆக்கினோம். கார் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கும் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க இன்னா தயாரிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். புகை என்று சொல்வேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் பிணமாகப் படுத்தவர், அந்த ஷாட் முடிந்ததும் அதே இடத்தில் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் பிலிமில் எடுக்க வேண்டும். அந்தத் துண்டை எடிட்டர் வெட்டி எறிந்துவிடுவார். ஆனால் எடுக்காமல் விடக்கூடாது. விட்டால் நடித்த சாவு நடித்தவரைத் தேடி வரும் என்பார்கள். பிலிம் விலை கொடுத்து வாங்கும் பொருள். காபிக்குச் சர்க்கரை குறைக்கும் தயாரிப்பாளர்கூட அந்தப் பத்தடி பிலிமுக்கு வாய் திறக்கமாட்டார்.

அந்தப் படத்தில் ஹீரோயின் செத்துவிட்டதாக ஹீரோ நம்ப வேண்டும். ஷெட்டில் ஒரு பெண்ணின் பிணம், மேலே துணி, வெளியே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். விரலில் மோதிரம். கேமரா கையிலிருந்து மெல்ல நகர்ந்து முடி மூடிய முகத்துக்குப் போகும். மோதிரத்தைப் பார்த்து ஹீரோ அலறுவார். ஆனால் அன்று ஹீரோயினின் கால்ஷீட் முடிந்துவிட்டது. பிணத்துக்கு டூப் போட்டுக்கொள்ளலாம் என்றார் டைரக்டர். சாங்கியத்தை மட்டும் அவர் விடவில்லை. காரில் ஏறப்போன ஹீரோயினை நிறுத்தி, "ஒரே ஒரு சிரிப்பு மேடம்" என்று கேட்டுப் படம் பிடித்தார். எதற்கு என்று கேட்டுக்கொண்டு அந்த அம்மாளும் அழகாகச் சிரித்துவிட்டு விமானம் ஏறப் போனார். சிரிப்பு முடிந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இதில் ஒரு தப்பு இருக்கிறது. அன்றைக்கு அங்கே நின்ற அறுபது பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

டூப்பாக வந்தவள் பேச்சியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், வயது இருபது இருக்கும். பென்னலூரில் நாலு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கி, கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் டிரெய்னியாக இருந்தாள். காலை ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போனவளை, ஹீரோயின் உயரம் இருக்கிறாள் என்று எங்கள் மேனேஜர் கேட்டு அழைத்து வந்தார். உள்ளே வந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்ன கம்பெனி அண்ணாச்சி? ஒரு மெஷினைக் காணும். சங்கிலியாத் தொங்குது" என்றாள்.

"இது சினிமா கம்பெனிம்மா. படுத்துக்க" என்றேன்.

மேக்கப்மேன் ஹீரோயினோடு போய்விட்டதால் உடம்பு ரத்தமும் அன்று என் பொறுப்பானது. சர்க்கரைப் பாகு, சிவப்புக் கலர், கொஞ்சம் காபி டிக்காஷன். படத்தில் அசலாக இருக்கும். எறும்புக்கும் அப்படித்தான் இருக்கும். ஷாட் ஓடும்போதே வரிசையாக வந்து அவள் மணிக்கட்டில் ஏறின. பேச்சி அசையவில்லை. கேமரா அவள் காதுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்பதால், கேமரா அரவை மெஷின் மாதிரி சத்தம் போட்டாலும் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். இரண்டாவது டேக் ஓகே. அதோடு பிலிமும் தீர்ந்தது, வெளிச்சமும் போனது. பேக்கப் சொல்லிவிட்டார்கள்.

அவள் கையில் தேங்காயெண்ணெய் தடவி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பேச்சுக் கொடுக்கிறேன் என்று, செத்தவர் சிரிக்கும் வழக்கத்தை விலாவாரியாகச் சொன்னேன்.

"அப்போ எனக்கு?" என்றாள்.

"அதான் மேடம் போறப்ப சிரிச்சிட்டாங்களே."

"செத்துக் கெடந்தது நானுல்லா அண்ணாச்சி? அவுக சிரிச்சா எனக்கு எப்படி ஆவும்?"

கதையில் சாவது ஹீரோயின், அதனால் ஹீரோயின் சிரித்தால் போதும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். படுத்திருந்தது யார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சும்மாம்மா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து வில்லனின் சண்டை ஷாட்டுகள் கொஞ்சம் பாக்கி என்று அதே ஷெட்டுக்குப் போனோம். மதியம் கம்பெனி யூனிபார்மோடு பேச்சி வந்து நின்றாள். முகம் பாதியாக இருந்தது.

"அண்ணாச்சி, கை வரமாட்டேங்கு" என்றாள்.

விளங்கவில்லை. அவளே சொன்னாள். பிரஸ்ஸுக்குள் தகட்டை வைத்துவிட்டுக் கையை வெளியே எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்கவே இறங்காது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அழுத்தும் முன், அன்று பிணமாக நீட்டிக் கிடந்த அந்த வலது கையை ஒருமுறை தூக்கிப் பார்க்கிறாள். இருக்கிறது என்று உறுதியானதும் அழுத்துகிறாள். ஒவ்வொரு தகட்டுக்கும் இப்படி. பக்கத்து மெஷின் நூறு போட்டால் இவள் அறுபது.

"மாசக் கடைசியில பேரு வாசிப்பாவ. கணக்கு கொறஞ்சா பெர்மனென்ட் கெடையாது. ஊருக்குப் போவணும். எங்கய்யாகூட அம்புட்டுச் சண்ட போட்டு வந்தேன், மறுபடி விடமாட்டாவ."

"அது வெறும் நம்பிக்கைம்மா" என்றேன்.

"நீங்கதான சொன்னீய?"

நான்தான் சொன்னேன். அவள் பிழைப்பு போனால் அது என் வாயால் போனது. அன்று எனக்கு வந்த வெட்கத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

நாகரத்தினம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"கட்னது யாரு?" என்றார்.

"நான்தாண்ணே."

"அப்ப யாரு அவுக்கணும்?"

மேனேஜரிடம் போய்ப் பத்தடி பிலிம் கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டினார். "சிரிப்பு எடுத்தாச்சுன்னு போட்டுக்கீதே. ஒரு சாவுக்கு ரெண்டு சிரிப்பா? ஹீரோவோட அப்பா செத்தப்பவே ஒண்ணுதான்யா குடுத்தேன்" என்றார். திரும்பி வந்து அண்ணன் எதிரில் நின்றேன். அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கேமரா உதவியாளர் வின்சென்ட்டைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ கேட்டார். அவரும் தலையாட்டினார்.

சாப்பாட்டு இடைவேளையில் ஏற்பாடு ஆனது. நான் புதிதாக ரத்தம் காய்ச்சினேன். அதே துணி, அதே மோதிரம், அதே இடம். பேச்சி படுத்துக் கண்ணை மூடினாள். பந்தியில் உட்கார்ந்திருந்த லைட்மேன்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். வில்லன் நடிகர் காலையில்தான் கதைப்படி மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து செத்திருந்தார். நெற்றி ரத்தத்தோடு தயிர்சாதத் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, விஷயம் தெரிந்ததும் செருப்பைக் கழற்றினார்.

அப்போது கவனித்தேன். வின்சென்ட் பிலிம் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, காலிப் பெட்டியை எடுத்துக் கேமராவில் மாட்டினார்.

"அண்ணே, அது காலிண்ணே" என்று அண்ணன் காதில் சொன்னேன்.

"எமன் இன்னா, லேபுக்குப் போயி பிரிண்டு போட்டா பாக்கப் போறான்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நம்பி வந்த பெண்ணை வெறும் டப்பாவைக் காட்டி ஏமாற்றுகிறோம். வாயைத் திறந்து கெடுத்தவன் நான், இப்போது வாயை மூடிக்கொண்டு இன்னொரு முறை கெடுக்கிறேன் என்று நினைத்தேன்.

"ஓடுதா?" என்றார் அண்ணன்.

"ஓடுதுண்ணே" என்றார் வின்சென்ட்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சிரிக்கிறியாம்மா?"

பேச்சி கண்ணைத் திறந்தாள். கேமராவைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. வின்சென்ட்டைப் பார்த்தாள், கக்கத்தில் துண்டோடு நிற்கும் அண்ணனைப் பார்த்தாள், தலை குனிந்து நிற்கும் வில்லனையும் அவர் தயிர்சாதத்தையும் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஏதோ கடமைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துணி நழுவ எழுந்து உட்கார்ந்து, நிறுத்த முடியாமல் சிரித்தாள். வில்லனுக்கும் தொற்றிக்கொண்டது. தட்டை டிரம் மேல் வைத்துவிட்டு அவரும் சிரித்தார். பேச்சி கையைத் தானே துடைத்துக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று போய்விட்டாள்.

அடுத்த மாதம் வேறொரு படத்துக்காக அந்தப் பக்கம் போனபோது, பென்னலூர் டீக்கடையில் எனக்கென்று ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் கொடுத்து வைத்திருந்தாள். பெர்மனென்ட் ஆனவர்களில் அவள் பெயரையும் வாசித்துவிட்டார்களாம். அண்ணனிடம் நீட்டினேன். "பல்லு இருக்குதா எனக்கு?" என்று கேட்டுவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார்.

அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். மாலை போட்டவர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதிகமாக நின்றேன். பின்னால் இருந்தவர் என்னை நகரச் சொன்னார்.

காலி கேமரா விஷயம் எனக்குள் முள்ளாகவே இருந்தது. போன வாரம் தங்கச்சி மகன் வீட்டுக்குப் போய்விட்டு ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் ரோட்டைக் கடக்க முடியாமல் நின்றேன். நான் வேலை பார்த்த காலத்தில் ஆடு கடந்த ரோடு, இப்போது ஆள் கடக்க முடியவில்லை.

"ரத்தம் தடவுத அண்ணாச்சிதான நீங்க?"

திரும்பினால் பேச்சி. கண்ணாடி போட்டிருந்தாள், உடம்பு வைத்திருந்தாள். வேறொரு கம்பெனியில் பிரஸ் ஷாப்புக்கே சூப்பர்வைசராம். நலம் விசாரித்து முடிக்கும் முன் நான் கொட்டிவிட்டேன். "பேச்சி, அன்னிக்கு அந்தக் கேமராவுல பிலிமே இல்லம்மா. உன்னை ஏமாத்திட்டோம்."

"தெரியுமே" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"மொத நாளு கண்ண மூடிக் கெடந்தேன்லா, காது மட்டுந்தான வேலை பாத்துச்சு? மெஷினு எதையோ இழுத்துக்கிட்டு ஓடுச்சு. ரெண்டாம் தடவ, தகடு வைக்காம பிரஸ்ஸ ஓட்டுனா வரும்லா, அந்தச் சத்தம். காலி மெஷினு சத்தம் எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"அப்புறம் ஏன் சிரிச்ச?"

"பொறவு? உள்ள ஒண்ணுமில்லன்னு ஒங்களுக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது. இம்புட்டுப் பெரிய ஆளுக எல்லாம் சோத்த விட்டுட்டு வந்து எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய. எனக்காக. அந்த வில்லன் வேற தயிர்ச்சோத்தோட நிக்காவ. எப்படி அடக்க?"

"பயம் போயிடுச்சா?"

"அதான் சிரிச்சாச்சுல்லா" என்றாள்.

ரோட்டைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன். கண்டெய்னர் லாரிகள் இடைவெளி விடாமல் வந்துகொண்டிருந்தன. பேச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். வலது கையை நீட்டிக் காட்டினாள். அந்தக் கைதான். கட்டைவிரல் பக்கத்துத் தழும்பு அப்படியே இருந்தது. அதை மறைக்க அன்று கொஞ்சம் ரத்தம் அதிகமாக வைத்தேன்.

அந்த உதவி இயக்குநர் பெண்ணுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பேச்சி கையில் எதுவும் இல்லை. லாரி நின்றது.